படம் ஓட்டும் உத்தியோகம்

சென்ற திங்கள் இப்பகுதியில் வாடகை வீட்டிற்குக் கொடுக்கும் முன்பணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இத்திங்கள் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அதை அடுத்த இதழுக்கு ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. எழுத வேண்டிய விஷயம் வேறொன்று என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றுவிட்டதுதான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நாகர்கோவில் வண்டியில் வந்திறங்கிய இளைஞன் ஒருவன், தோளில் ஒரு பையும் கையில் ஊர்ப் பலகார டப்பாவுமாக வந்து சேர்ந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். என் தாயார் பிறந்த ஊர். அவனுக்கு வயது 22. "அண்ணாச்சி, எனக்கு இங்கே சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர் வேலை கிடைத்திருக்கிறது. இடத்தை மட்டும் காட்டிவிட்டால் போதும்" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். நியமன உத்தரவு என்று ஆங்கிலத்தில் தலைப்பு. அந்தேரியில் ஒரு முகவரி. கீழே ஒரு முத்திரை. அத்தாளைப் பெறுவதற்காக ஊரில் ஒரு தரகரிடம் 35,000 ரூபாய் கொடுத்திருந்தான். அவன் தாயாரின் கம்மலும் சங்கிலியும் அடகுக்கடையில் இருந்தன.

தாளைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆயினும் அவன் முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல நா எழவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் அந்தேரிக்குச் சென்றோம. முகவரியில் கொட்டகை இல்லை. தரைக்கல் விற்பவரின் கிடங்கு ஒன்று இருந்தது. தாளை நீட்டியபோது காவலாளி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இதே தாளுடன் இம்மாதம் வந்தவர்களில் நீங்கள் மூன்றாமவர்" என்று இந்தியில் கூறினான். திரும்பி வருகையில், ரயிலில் அந்தப் பிள்ளை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்கு முன் இவன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மும்பையில் ஆபரேட்டர் வேலை கிடைக்குமா, அண்ணாச்சி?" என்று கேட்டான். ஊருக்கு அருகிலுள்ள சிறு நகரத்தில், ஒரு கொட்டகையில் ஆபரேட்டருக்குக் கையாளாக ஓராண்டு இருந்தவன் அவன். அக்கொட்டகை கலியாண மண்டபமாக மாறிவிட்டது. நான் அப்பொழுது அலுவலில் இருந்தேன். பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது. "மும்பையில் கொட்டகைக்கா பஞ்சம்? வா, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை அவன் தன் தாயாரிடம் சொல்லியிருக்கிறான். தரகர் வந்தபொழுது அந்த அம்மாள் நம்பியது தரகரை அன்று, என்னைத்தான்.

அது பொய் என்பது எனக்குத் தெரியாததும் அன்று. நான் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. 2010-ஆம் ஆண்டில் நான் பணியில் சேர்ந்தபொழுது படப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. வட்டமான தகர டப்பாக்களை உள்ளே அடுக்கிப் பூட்டிய கனத்த பெட்டிகள் அவை. வெள்ளிக்கிழமை வண்டி தாமதமானால், கொட்டகை ஆட்கள் எங்கள் சாளரத்தின் முன் வந்து நின்று கைபிசைவார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் அப்பெட்டிகள் வருவது அடியோடு நின்றுபோயிற்று. பதிவேட்டில் அந்தப் பத்தி வெறுமையானதைக் கண்ணால் கண்டவன் நான். கண்டும் அப்படிச் சொன்னேன்.

நிற்க. மறு ஞாயிறு அவனை அழைத்துக்கொண்டு சயான் கோலிவாடாவிலுள்ள என் தாய்மாமன் வீட்டிற்குப் போனேன். மாமா இந்நகரத்துக் கொட்டகைகளில் 35 ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவர். இவ்வேலையைப் பற்றிக் கேட்பதற்கு அவரைவிடத் தக்கவர் எனக்குத் தெரிந்து வேறொருவர் இல்லை.

மாமா 1978-இல், 19 வயதில் பம்பாய்க்கு வந்தார். ஊரில் டூரிங் கொட்டகையில் படம் ஓட்டிய அனுபவமும், அம்முதலாளி கொடுத்த கடிதம் ஒன்றுமே கைம்முதல். கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினார். மானேஜர்கள் கேட்டவை இரண்டே கேள்விகள்: "உரிமச் சீட்டு இருக்கிறதா? இந்தி தெரியுமா?" இரண்டும் இல்லை. கடைசியில் ஒரு கொட்டகையில் சம்பளமின்றி, இரவில் படுக்க இடமும் இரு வேளைச் சாப்பாடும் பெற்று, ஓடி முடிந்த ரீல்களைத் திருப்பிச் சுற்றும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் ரீல் சுற்றினார். இந்தியும் பழகியது. பின்னர் மின்சாரம், தீத்தடுப்பு முதலியவற்றைப் படித்துத் தேர்வு எழுதி உரிமம் பெற்றார்.

அந்நாளில் அது எளிய வேலை அன்று. 35 மில்லிமீட்டர்ப் படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்களாக, நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடி ரீல் ஒன்று பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டை ஒட்டிச் சுற்றினாலும் இருபத்திரண்டு நிமிடமே. ஆகையால் இரண்டு இயந்திரங்களை அருகருகே நிறுத்தி மாறி மாறி ஓட்ட வேண்டும். ரீல் முடியும் தறுவாயில் திரையின் வலப்புற மேல்மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். அடுத்த இயந்திரத்தை ஓடவிட வேண்டும். சில நொடிகளில் இரண்டாவது புள்ளி. உடனே ஒளியை மாற்றிவிட வேண்டும். கண் சிமிட்டினால் திரை வெண்மையாகிவிடும். கீழே விசில் பறக்கும். விளக்கோ இரண்டு கார்பன் குச்சிகளுக்கிடையே எரியும் மின்வில். குச்சிகள் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அதன் புகையும் வெப்பமும் ஆபரேட்டரின் மார்புக்குள் போகும். பின்னர் ஸீனான் விளக்கு வந்தது; புகை ஒழிந்தது. ஆனால் அது அழுத்தத்தில் அடைத்த வாயு விளக்கு. மாற்றும்போது வெடிக்கக்கூடுமாதலால் முகக்கவசமும் கையுறையும் அணிந்தே தொடுவார்கள்.

சினிமாவுக்கும் எங்கள் ரயில்வேக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1896 ஜூலை 7-ஆம் நாள் பம்பாய் வாட்சன் ஓட்டலில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. இந்நாட்டில் சினிமா தொடங்கிய இடம் இந்நகரமே. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1905-இல், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். உத்தியோகத்தை விட்டு, கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையையும் கட்டினார். அன்று புதுக் கருவியைப் பற்றிக்கொண்டவர் உயர்ந்தார். கருவி மாறியபோது கைவிடப்பட்டவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

மாமா அவ்வாறு கைவிடப்பட்டவர்களில் ஒருவர். இன்று படம் சுருளாக வருவதில்லை. வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியாகவோ கணினிக் கோப்பாக வருகிறது. ஜப்பானின் ஃபூஜி கம்பெனி 2013-இல் சினிமாப் படச்சுருள் செய்வதையே நிறுத்திக்கொண்டது. மாமாவின் கொட்டகையில் பழைய இயந்திரங்களை எடைக்குப் போட்டார்கள். அவருக்கு வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின்போது மூடிய அக்கொட்டகை பிறகு திறக்கவேயில்லை.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து மாமா, "தம்பி, ஆட்டம் நடுவே படம் நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று கேட்டார்.

"சர்வரைப் பார்ப்பேன், ஐயா. கே.டி.எம். என்று திறவுகோல் ஒன்று அனுப்புவார்கள். இந்தப் படம், இந்தக் கருவி, இத்தனை நாள் என்று அதில் கணக்கு இருக்கும். அதன் காலம் தீர்ந்திருந்தால் படம் தொடங்காது. அது சரியாக இருந்தால் மற்றவற்றைப் பார்ப்பேன்."

"மற்றவை என்றால்?"

பிள்ளை விழித்தான். "கம்பெனிக்குத் தொலைபேசி செய்வோம், ஐயா" என்றான்.

மாமா சிரிக்கவில்லை. "நீ சொன்ன திறவுகோல் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மின்சாரம் உனக்குத் தெரியாது. பொத்தானை அழுத்துவதற்கு ஓர் ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கும் காலம் போய்விட்டது. நின்றதை ஓடவைப்பவனுக்கு இன்னும் வேலை இருக்கிறது. நீ பொத்தானைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாய்; கம்பியைக் கற்றுக்கொள்" என்றார்.

இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. இன்று பல திரைகள் கொண்ட பெரிய அரங்குகளில், எல்லாத் திரைகளையும் ஓரிடத்திலிருந்தே கணினி வழியாக இயக்குகிறார்கள். திரைக்கு ஓர் ஆபரேட்டர் என்பது இல்லை. ஆட்டத்தின்போது இயந்திர அறையில் ஆளே இல்லாமல் இருப்பதும் உண்டு. இருக்கின்ற ஓரிருவருக்கும் வேலை பலவிதம்: வந்த படத்தைச் சர்வரில் ஏற்றுதல், திறவுகோலைச் சரிபார்த்தல், விளம்பரம் முதல் இடைவேளை வரை வரிசைப்படுத்துதல், தூசி வடிகட்டியைத் துப்புரவு செய்தல், விளக்கையும் ஒலிபெருக்கியையும் சோதித்தல், பழுதைக் கண்டுபிடித்தல். லேசர்க் கருவி வந்த இடங்களில் விளக்கு மாற்றும் வேலையும் இல்லை. கொட்டகைகள் எல்லாம் அழிந்துவிடவில்லை என்பதும் உண்மையே. 2017-இல் மூடப்பட்ட சர்ச்கேட் ஈராஸ் 2024-இல் ஐமாக்ஸ் திரையுடன் மீண்டும் திறந்தது. ஆனால் அங்கே பழைய ஆபரேட்டரைத் தேடுவார் இல்லை.

ஆகவே, ஊரிலிருந்து இவ்வேலையை நாடும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சில வார்த்தைகள்.

வேலைக்காக யாரிடமும் பணம் கொடாதீர்கள். சம்பளம் கொடுக்க வேண்டியவன் உங்களிடம் பணம் கேட்டால் அவனிடம் வேலை இல்லை என்று பொருள். நியமனத் தாள் வந்தால், அதிலுள்ள தொலைபேசி எண்ணை நம்ப வேண்டாம். இங்கே உறவினரோ நம் சங்கத்தாரோ இருந்தால், முகவரியை நேரில் பார்த்து வரச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு ரயில் டிக்கெட் ஒன்றே.

பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பயிற்சி பெறலாம், இரண்டாண்டுப் படிப்பு. எலக்ட்ரானிக்ஸ் பயிற்சியும் நன்று. அச்சான்றிதழுடன் வருபவனுக்குச் சினிமாக் கொட்டகை கிடைக்காவிடினும், மண்டபம், மருத்துவமனை, அடுக்குமாடி என்று எங்காவது ஓர் இடம் உண்டு. கருவிகள் தரும் எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால், அதை எழுத்துக்கூட்டியாவது படிக்கப் பழக வேண்டும். இந்தியும் சிறிது மராத்தியும் தெரிந்தவனை மானேஜர் நிற்கவைத்துப் பேசுவார். வேலை கேட்கப் போகிறவர்கள் வார நாட்களில், முதல் ஆட்டத்துக்கு முன்பாகப் போவது நலம். வெள்ளிக்கிழமையும் விடுமுறை நாளும் ஆகாது.

படம் காட்டும் தொழிலே வேண்டும் என்று மனம் பற்றினால், கலியாணம், பொதுக்கூட்டம், கம்பெனி விழா ஆகியவற்றில் பெரிய திரையும் ஒலியும் அமைத்துத் தருகிறவர்களிடம் சேரலாம். அங்கே சுமை தூக்குவதில் தொடங்குவார்கள். கண் இருப்பவன் கற்றுக்கொள்வான். மாமா ரீல் சுற்றியதற்கு இது சமம்.

அந்தப் பிள்ளையின் கதி என்ன என்று நேயர்கள் கேட்பது நியாயம். மாமாவின் பழைய நண்பர் ஒருவர், அரங்குகளில் மின்பணிகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறார். அவரிடம் உதவியாளனாக மாதம் 13,000 ரூபாய்க்குச் சேர்ந்திருக்கிறான். எங்கள் வீட்டில்தான் படுக்கிறான். வரும் ஆண்டு ஐ.டி.ஐ.க்கு மனுச் செய்வதாக உத்தேசம். தரகர் மீது ஊரில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாயிற்று. பணம் இதுவரை வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அடகிலிருக்கும் கம்மலின் வட்டியை மாதந்தோறும் நான் அனுப்பி வருகிறேன். அந்த அம்மாள் தொலைபேசியில், "எதற்கப்பா உனக்கு இந்தச் சிரமம்?" என்று கேட்டார். அலுவலகத்தில் நின்றுகொண்டு நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். இவ்விதழ் ஊருக்கும் போகிறது. அவர் வாசிக்கக் கேட்பாராயின் நல்லது.

நம்மில் ஒவ்வொருவரையும் ஊரில் யாராவது ஒருவர் நம்பிக்கொண்டிருக்கிறார். "அங்கே வேலை உண்டா?" என்று கேட்டு அழைப்பு வரும்பொழுது, தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, விசாரித்தும் சொல்லுங்கள். விசாரிக்க நேரமில்லாதவர்கள் எனக்குத் தெரிவித்தால், ஞாயிறு மாலை நான் சங்கத்தில் இருப்பேன்.