ஏரி வந்து சொல்லும்!

செஞ்சிக்குப் போகிறவர்கள் ராஜகிரியில் ஏறி இறங்கி, ஒரு சோடா குடித்துவிட்டு பஸ் பிடித்துவிடுகிறார்கள். அடுத்த முறை போனால் வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கும் சிங்கவரத்துக்கும் போய்வாருங்கள். பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் எடுத்த ரங்கநாதர் கோயில். சாமி கும்பிட்டுவிட்டு, மேலே நின்று சுற்றிலும் பாருங்கள். பாறைக் குன்றுகள், வயல், ஏரி. இங்கே விழும் மழை எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும்?

அதைச் சொல்லவேண்டியவர் புவியியல் படித்தவர். அவர் எங்கே? பி.எட். முடித்துவிட்டு டி.ஆர்.பி. தேர்வுக்கு உருப்போட்டுக்கொண்டிருக்கிறார்!

2024 டிசம்பர் முதல் தேதி நினைவிருக்கிறதா? ஃபெஞ்சல் புயல். இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் செத்தார்கள். சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது. எவ்வளவு மழை பெய்யும் என்று வானிலைக்காரர் சொல்வார். அது யார் வீட்டுக்குள் வரும், எந்தச் சரிவு தாங்காது என்று சொல்ல, நிலத்தைப் படித்த ஆள் வேண்டாமா?

இந்தியாவை முறையாக அளக்கும் வேலைக்குச் சென்னைதான் நாற்றங்கால். 1794-ல் இங்கே தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி. 1802-ல் லாம்டன் சங்கிலி பிடித்து அளக்க ஆரம்பித்தது பரங்கிமலையில். வரி வசூலிக்க வந்த வெள்ளைக்காரனுக்குத் தெரிந்த அருமை நமக்குத் தெரியவில்லை. நில அளவர் வேலையா, சிவில் டிப்ளமோ, ஐ.டி.ஐ. கொண்டு வா என்கிறோம். புவியியல் எம்.எஸ்ஸி. வெளியே நிற்கிறது.

'அதான் சாட்டிலைட் படம் இருக்கே, சாஃப்ட்வேர் இருக்கே?' என்பீர்கள். ஸ்கேன் எடுக்கும் மெஷின் இருப்பதால் டாக்டர் வேண்டாம் என்று சொல்வீர்களா சார்? 2021-ல் மத்திய அரசு வரைபடத் தொழிலை இந்திய கம்பெனிகளுக்குத் தாராளமாகத் திறந்துவிட்டது. நல்லது. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கோடு இழுப்பது மட்டுமே புவியியல்காரரின் வேலை என்று ஆகிவிடக் கூடாது. ஒவ்வொரு கலெக்டர் ஆபீஸிலும், பேரிடர் பிரிவில், ஒரு புவியியலாளர் பணியிடம் வேண்டும். ஒப்பந்தக் கூலியாக அல்ல, பதவி உயர்வோடு, கையெழுத்துக்கு மதிப்போடு. கல்லூரிகளும் மாணவர்களை மூன்று வருடம் வகுப்பிலேயே உட்கார வைக்காமல், ஓர் ஏரியையாவது சுற்றி நடக்கவிட வேண்டும்.

கடைசியாக, உங்களுக்கு. பெண் பிளஸ் ஒன்னில் புவியியல் எடுக்கிறேன் என்றால், 'அதுல என்னடி வேலை கிடைக்கும்?' என்கிறீர்கள். அப்புறம் மனை வாங்கப் போய், 'இந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா?' என்று புரோக்கரைக் கேட்கிறீர்கள். அவர் நிற்காது என்றுதான் சொல்வார்.

நிற்குமா என்பதை, அடுத்த மழையில் ஏரியே வந்து சொல்லும்.