திருப்புதலா, திருத்தமா?

‘ரிவிஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லால் நான் 2 மதிப்பெண் இழந்த கதையைக் கேளுங்கள், நண்பர்களே!

சென்ற ஆண்டு பழைய புத்தகக் கடையில் இயற்பியல் நூலொன்று கேட்டேன். “ரிவைஸ்டு எடிஷனா, பழசா?” என்றார் கடைக்காரர். பள்ளியில் முதல் ரிவிஷன், இரண்டாம் ரிவிஷன் என்று தேர்வெழுதிக் கை ஓய்ந்தவன் நான். படித்ததையே மறுபடி படிப்பதுதானே ரிவிஷன்! நூலும் அதேதான், அச்சுப்பிழை மட்டும் பார்த்திருப்பார்கள் என்றெண்ணி, 2011ஆம் ஆண்டுப் பதிப்பை 80 ரூபாய்க்கு வாங்கினேன். கேட்டுத் தெளிய எங்கள் வீட்டில் கல்லூரி கண்டவர் எவருமில்லை.

தேர்வில் கிலோகிராமுக்கு வரையறை வந்தது. பாரிஸ் அருகே காக்கப்படும் பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறை என்று முத்து முத்தாக எழுதினேன். கிடைத்தது சுழி! 1889 முதல் அரசோச்சிய அவ்வுருளையை 2019 மே 20 அன்றே ஓய்வுபெற வைத்துவிட்டார்களாம். இன்று பிளாங்க் மாறிலியே அளவுகோல்.

“நாலு தடவை படிச்சியேப்பா, அப்புறம் எப்படித் தப்பாச்சு?” என்றார் அப்பா. விடை சொல்ல நாவெழவில்லை.

அச்சொல்லின் இலத்தீன் வேருக்கு ‘மீண்டும் பார்த்தல்’ என்று பொருள். இங்கிலாந்தில் தேர்வுக்குப் படிப்பதும் ரிவிஷன், நூலைத் திருத்துவதும் ரிவிஷன். அமெரிக்கர் முன்னதை ‘ரிவியூ’ என்று விலக்கிவிட்டனர். தமிழிலோ திருப்புதல் வேறு, திருத்தம் வேறு. இவ்வளவு தெளிவான இரு சொற்களை வைத்துக்கொண்டு நாம் ஏன் ஒன்றைக் கடன் வாங்கிக் குழம்ப வேண்டும்?

குழப்பம் சொல்லோடு நிற்கவில்லை என்பதே என் குறை. விஞ்ஞானிகள் அவ்வுருளையை அதன் நகல்களோடு மீண்டும் ஒப்பிட்டார்கள். நூறாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு கண்டார்கள். அதனாலேயே வரையறையை மாற்றும் எண்ணம் வலுத்தது. நாமோ சீனியர் தந்த குறிப்பேட்டைப் பிழையோடு திருப்புகிறோம். ரிவிஷன் வகுப்புகளிலும் பழைய குறிப்புகளே ஒலிக்கக் கேட்கிறேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க! அவ்வகுப்புகளில் முதல் பத்து நிமிடத்தை, பாடத்தில் எது மாறியது என்று சொல்ல ஒதுக்கலாகாதா? புதுப்பதிப்பு வாங்க இயலாத என்போன்றோருக்கு அது பேருதவி.

என் 80 ரூபாய் நூலில் அப்பக்கத்தைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் புதிய வரையறையை எழுதி வைத்தேன். இப்போது அது முதலாண்டுத் தம்பி ஒருவனிடம் இருக்கிறது.

– இரண்டாமாண்டு மாணவன், இளம் அறிவியல் (இயற்பியல்)