மூன்றாம் பிரதி



மாணிக்கவாசகர் பிறந்த ஊரென்று போற்றப்படும் திருவாதவூர்ப் பக்கத்தில் என் நண்பர் ஒருவர் நெல் வணிகம் நடத்தி வருகிறார். கோடை நாளொன்றில் அவருடைய அலுவலகத்திற்குச் செல்ல நேர்ந்தது. மின்கட்டணம் ஏறிவிட்டதென்று, கணக்கெழுதும் பெண்ணின் தலைக்கு மேலிருந்த மின்விசிறியை அவர் நிறுத்தி வைத்திருந்தார். அப்பெண் வியர்வையைத் துடைத்தபடியே வேலை செய்துகொண்டிருந்தாள். அருகிலிருந்த அச்சுப்பொறியோ ஓயாமல் தாள்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"இவையெல்லாம் என்னம்மா?" என்று கேட்டேன்.

"அன்றாடக் கணக்கும் இருப்புப் பட்டியலும் ஐயா. 20 பக்கம், மூன்று பிரதி. ஒன்று கோப்புக்கு, ஒன்று முதலாளிக்கு."

"மூன்றாவது?"

அவள் தயங்கி, "அதை இதுவரை யாரும் கேட்டதில்லை ஐயா" என்றாள்.

நண்பர் நகைத்தார். தமக்குரிய பிரதியையும் தாம் படிப்பதில்லை என்றும், கணினித் திரையிலேயே பார்த்துவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார். ஆக, நாளொன்றுக்கு 40 தாள்கள் வீண். ஆண்டில் 300 வேலை நாட்கள் எனக் கொண்டால் 12,000 தாள்கள், அதாவது 24 ரீம். வழக்கமான 80 கிராம் தரத்து ஏ-4 தாளொன்றின் எடை 5 கிராம். எனவே ஓராண்டில் 60 கிலோ தாள் எவர் கண்ணிலும் படாமலே பழைய காகிதக் கடைக்குப் போகிறது!

எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதிய காலத்தில், ஒரு சுவடியைப் படியெடுக்க நாட்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. ஆகவே வேண்டியதை மட்டுமே படியெடுத்தனர். இன்று பொத்தானை அழுத்தினால் போதும். வேலை எளிதானதால், 'இது தேவைதானா?' என்று கேட்கும் வழக்கம் நம்மைவிட்டுப் போயிற்று.

தாளின் பின்னே எவ்வளவு உழைப்பும் பொருளும் இருக்கின்றன! கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, மரத்தைப் பெரிதும் நம்பாமல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் வழியைக் கண்டது. போற்றத்தக்க முயற்சிதான். ஆயினும் சக்கையைக் கூழாக்கவும் உலர்த்தவும் தண்ணீரும் வெப்பமும் மின்சாரமும் வேண்டுமன்றோ?

அச்சிடும்போதும் மின்சாரம் செலவாகிறது. லேசர் அச்சுப்பொறியும் ஜெராக்ஸ் எந்திரமும் மைத்தூளை வெப்பத்தால் உருக்கியே தாளில் பதிக்கின்றன. அவ்வெப்பத்திற்கே மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது. ஆகவே துண்டு துண்டாக அச்சிடாமல், அன்றைய வேலையைச் சேர்த்து ஒரே நேரத்தில் அச்சிடுவது நன்று. தாளின் இருபுறமும் அச்சிடலாம். ஒருபுறம் எழுதிய தாளைக் குறிப்பெழுதப் பயன்படுத்தலாம். மாலையில் கணினி, அச்சுப்பொறி ஆகியவற்றின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். குளிரூட்டியை 24 பாகையில் வைத்தாலே போதும்; ஒவ்வொரு பாகை கூட்டும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்கின்றனர் வல்லுநர். சட்டம் கேட்கும் பிரதிகளை மட்டும் தணிக்கையாளரைக் கேட்டுக் குறைவின்றி வைத்துக்கொள்க. மின்னணு ஆவணங்களுக்கும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பளித்துள்ளது.

'பெரிய அலுவலகங்களில் இது நடக்குமா?' என்று ஐயுறுவோர் உண்டு. 2021 ஆகஸ்டு 13 அன்று நம் சட்டப் பேரவையில், அந்நாளில் மதுரை மத்தியத் தொகுதி உறுப்பினராகவும் நிதியமைச்சராகவும் இருந்த பழனிவேல் தியாகராஜன், தமிழகத்தின் முதல் காகிதமில்லா வரவு-செலவுத் திட்டத்தை அளித்தார். உறுப்பினர்கள் அதைத் திரையில் படித்தனர். அரசின் கணக்கே திரையில் அடங்குமாயின், நெல் மூட்டைக் கணக்கு அடங்காதா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், காகிதத்தைக் குறைப்பதையும் தேவையற்ற விளக்கை அணைப்பதையும் கூடப் படைப்பைப் பேணும் நற்செயல்களாக எண்ணினார். சிறு செயல்தானே என்று நாம் ஒதுக்கிவிட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிக்கனம் எளியவர் மேலேயே முதலில் விழுவது முறையன்று. வெயிலில் வேலை செய்பவளின் காற்றை நிறுத்துவது சிக்கனமாகாது. அது அவள் உழைப்பிலிருந்து பிடுங்குவதாகும். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். புதுவகை விசிறிக்கு 30 வாட் அளவே போதும். 10 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை யூனிட் மிச்சம். காற்றும் குறையாது.

இதைச் சொன்னபோது நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் தாமே எழுந்து சென்று, அப்பெண்ணின் தலைக்கு மேலிருந்த விசிறியைச் சுழலவிட்டார். "நாளை முதல் ஒரு பிரதி போதும் அம்மா" என்றார்.

அன்பர்களே, உங்கள் கடையிலும் அலுவலகத்திலும் யாரும் கேட்காத அந்த மூன்றாம் பிரதி எது? இவ்வாரமே தேடிப் பாருங்கள். உங்களிடம் பணிபுரிவோரையும் கேளுங்கள். அவர்களுக்கே அது முதலில் தெரியும்.