பலவினக் குஞ்சுகளும் ஒரு கூடும்

வெள்ளை லெகோனில் நான்கு, றோட் ஐலண்ட் சிவப்பில் மூன்று, கறுப்பு அவுஸ்திரலோப்பில் இரண்டு, இவற்றோடு ஊர்க்கோழிக் குஞ்சுகள் ஐந்தாறு என நிறத்துக்கு நிறம் பொறுக்கி வாங்கி ஒரே கூட்டில் விடலாமா என்று நம்மிடம் வினவும் மாணவர் பலர். வீட்டுப் பெரியோர் இதற்கு இசைவதில்லை. இனம் இனத்தோடுதான் சேரும், கலந்து விட்டால் ஒன்றையொன்று கொத்திக் கொன்றுவிடும் என்பது அவர்கள் கட்சி. இது பாதி உண்மை. குஞ்சுகள் கொத்துண்டு மடிவது உண்டு. ஆனால் அதற்கு இனவேறுபாடு காரணமாவது அரிது. வயது வேறுபாடே பெருங்காரணம்.

ஒரே நாளிற் பொரித்த குஞ்சுகள், எவ்வினத்தனவாயினும், முதல்நாள் தொட்டு ஒன்றாக வளருமாயின் ஒன்றையொன்று அறிந்து கொள்கின்றன. சில வாரங்கள் சென்றபின் அவற்றுள் எது முந்தி உண்பது, எது விலகி நிற்பது என்னும் ஒழுங்கு சிறுசிறு கொத்துகளாலேயே நிலைபெற்றுவிடும். நோர்வே நாட்டவரான ஷெல்டரப் எப்பே என்பார் இக் கொத்தும் வரிசையை 1921ஆம் ஆண்டில் தம் ஆய்வுரையில் விளக்கினார். சிறுவனாயிருந்தபோதே கோழிகளைக் கூர்ந்து நோக்கத் தொடங்கியவர் அவர். கோழிக்கூட்டின் முன் நின்று பொழுதைப் போக்கும் பிள்ளைகளை நாம் ஏசுவதற்கு முன் இதனைச் சற்று நினைக்கலாம்.

வரிசை ஒன்று அமைந்துவிட்ட கூட்டத்தினுள் மூன்று வாரம் இளைய குஞ்சைக் கொண்டுபோய் விட்டால் என்னாகும்? அது எதிர்த்துக் கொத்தவும் வலியற்றது; ஓடித் தப்பவும் இடமற்றது. இரத்தம் சிறிது கசிந்தாற் போதும், சாதுவான குஞ்சும் வந்து அந்தச் சிவப்பையே கொத்தும். காயம்பட்டதை உடனே பிரித்து, புண் முற்றாக ஆறும்வரை வேறாக வைத்தல் வேண்டும். இடநெருக்கம், மிகுந்த வெப்பம், இரவு பகலாக எரியும் கடும் வெளிச்சம், தீன் போதாமை ஆகியனவும் இக் கொடுமையைத் தூண்டுவன. நாம் கண்ட அளவில் இடநெருக்கமே முதற் குற்றவாளி. கையளவு குஞ்சுகளுக்குப் போதிய பெட்டி, ஒரு மாதத்தில் அவற்றுக்குச் சிறையாகிவிடும்.

இனவேறுபாட்டை அறவே மறந்துவிடலாம் என்று நாம் கூறவில்லை. இத்தாலியிலிருந்து வந்த லெகோன் இலேசான உடம்பும் வெருண்டோடும் இயல்பும் உடையது. விரைவில் இறகு முளைத்து, சில வாரங்களிலேயே பெட்டி விளிம்பில் ஏறியிருக்கும். அமெரிக்க நாட்டுச் சிவப்பும், அவுஸ்திரேலியாவில் உருவான கறுப்பும் கனத்தவை, அமைதியானவை, இறகு மெல்ல முளைப்பவை. ஆதலால் லெகோனுக்குச் சூடு வேண்டாத நாளிலும் இவற்றுக்கு அது வேண்டியிருக்கும். முதல் வாரம் 35 பாகை செல்சியசு, பின்னர் வாரந்தோறும் 3 பாகை குறைவு என்பது பொதுக் கணக்கு. மின்குமிழைப் பெட்டியின் ஒரு மூலையில் மாத்திரம் தொங்கவிட்டால் வேண்டியது அண்டும், வேண்டாதது விலகும். எல்லாம் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் குளிர். எல்லாம் ஒதுங்கி வாய்பிளந்து நின்றால் வெக்கை. நம் வடபகுதிப் பங்குனி வெயிலில் பகற்பொழுதில் விளக்கே வேண்டாதிருத்தலும் கூடும்.

மின்குமிழினும் சிறந்த தாய் நம் ஊர்ப்பேடு. லெகோன் அடைகிடப்பது அரிது. ஊர்ப்பேடோ இருபத்தொரு நாளும் அசையாது கிடக்கும். அதன் குஞ்சுகள் பொரிக்கும் இரவிலேயே, பொரித்து ஒரு நாளான பிற குஞ்சுகளை இருளில் அதன் சிறகின்கீழ் மெல்லச் செலுத்திவிட்டால் பெரும்பாலும் அனைத்தையும் தன்னவையாகக் கொள்ளும். நாலைந்து நாள் கழித்துச் செலுத்தினால், தன் குஞ்சுகளின் நிறமல்லாததை அது கொத்தித் துரத்தவும் கூடும். மொத்தம் பத்துப் பன்னிரண்டுக்கு மேற்படாதிருத்தல் நன்று. கீரிக்கும் பருந்துக்கும் காகத்துக்கும் அது காட்டும் எதிர்ப்பை எந்தக் கம்பிவலையும் காட்டாது.

பிற்பாடு வாங்கும் குஞ்சுகளைக் கூட்டத்தோடு சேர்ப்பதில் கொத்தைவிடக் கொடிய பகை நோய். வளர்ந்த கோழி தான் நோயின்றி இருந்தும் இரத்தக் கழிச்சற் கிருமியை எச்சத்தோடு சிந்தும்; ஈரமான உமியில் அது முதிர்ந்து தொற்றும் நிலையடைந்து இளங்குஞ்சுகளை மாய்க்கும். ஆதலின் புதியவற்றை மூன்று நான்கு வாரம் தனியே வைத்து, உமியை உலர்வாகப் பேணி, இராணிக்கெட் நோய்த் தடுப்பு மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டு உரிய காலத்தில் இடுவிக்க வேண்டும். பின்னர் ஒரு வாரம் கம்பிவலைக்கு இருபுறமுமாக வைத்து ஒன்றையொன்று காணச் செய்க. உடம்பளவு ஏறக்குறைய ஒத்த பின்பு, ஓர் இரவில் தடியில் உறங்கும்போது புதியவற்றையும் அருகில் ஏற்றிவிடலாம். மறுநாட் காலையில் தீனையும் நீரையும் இரண்டு மூன்று இடங்களில் வைத்தால், மெலிந்தது ஓரிடத்தில் துரத்தப்பட்டாலும் மற்றோரிடத்தில் உண்ணும்.

தீனைப்பற்றி ஒன்று. குறுணி அரிசியும் தவிடும் வயிற்றை நிரப்பும். குஞ்சு வளர்வதற்கு நூற்றுக்கு இருபதளவு புரதம் வேண்டும். கடையில் விற்கும் குஞ்சுத்தீனில் அது உண்டு. புற்றிலிருந்து எடுத்த கறையானைக் கண்டால் எல்லா இனமும் சண்டையை மறந்து ஓடிவரும். முட்டையிடும் கோழிக்குரிய தீனைக் குஞ்சுகளுக்கு இடலாகாது. அதிலுள்ள மிகுந்த சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லெகோன் ஐந்து மாதமளவில் முட்டையிடத் தொடங்க, கனத்த இனங்களும் ஊர்க்கோழியும் பின்தங்கும். அக்காலத்தில் எல்லாவற்றுக்கும் வளர்தீனையே இட்டு, சிப்பியை இடித்து வேறொரு சிரட்டையில் வைத்துவிடுக. முட்டையிடுவது அதனைத் தேடி உண்ணும். இடாதது பெரும்பாலும் கடந்து போகும்.