சாவுக்கு ஒரு சாதியா?

"சாவு மேளத்துக்கு மேடையாம்! மேடைக்கு மின்விளக்காம்! கலி முற்றிவிட்டது, தம்பி!"

பென்னாகரம் சாலையோரத் தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர் விட்ட பெருமூச்சு இது. பக்கத்து இருக்கையில் இளைஞனொருவன் கைப்பேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பறையும் சட்டியும் கிதாரும் ஒன்றுகூடி முழங்கின. கோட்டணிந்த இளைஞர்கள் கானா பாடினர். பாடியது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு. சாதியற்றோர் கூட்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பெரியவரின் காதைப் புண்படுத்தியது பாட்டா, பெயரா? இரண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

அந்தப் பெயர் நேற்று முளைத்ததன்று, தோழர்களே! 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டை நடத்தினாரே அயோத்திதாசப் பண்டிதர், அவர் வழங்கிய 'சாதி பேதமற்ற' என்னும் சொல்லின் வழித்தோன்றல் அது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் கைகோத்தனர். வடசென்னையின் கானாப் பாடகர்களும் ராப், ராக் பயின்றோரும் பறைக் கலைஞர்களும் சேர்ந்தனர். 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறினர். பாடியது என்ன? கண்ணனின் லீலையா, கந்தனின் கலியாணமா? இடஒதுக்கீட்டைப் பாடினர், மாட்டுக்கறியைப் பாடினர், மலக்குழியில் மாளும் மனிதனைப் பாடினர். சபரிமலைக்குள் எல்லா வயதுப் பெண்களும் செல்லலாம் என உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்ததையொட்டி எழுந்த பாட்டை இசைவாணி பாடினார். ஆண்கள் மட்டுமே நின்ற கானாக் களத்தில் துணிந்து நுழைந்த அந்தப் பெண்ணை 2020-இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. பக்தகோடிகளோ அந்தப் பாட்டை நினைவில் வைத்திருந்து, 2024 நவம்பரில் புகார் மனுக்களோடு புறப்பட்டனர். பாடியபோது வராத கோபம் ஆண்டுகள் பல கழித்து வந்தது. ஐயப்பனுக்குக்கூட அஞ்சல் தாமதமாகத்தான் சேர்கிறது போலும்!

"எல்லாம் வெள்ளைக்காரனைப் பார்த்துப் போட்ட வேடம்" என்று பெரியவர் அடுத்த அம்பை எய்தார். சரி, வெள்ளைக்காரன் நாட்டுக்கே போய்ப் பார்ப்போமே!

இங்கிலாந்தில் நார்த்தாம்டன் என்றொரு நகரம். 1978-இல் அவ்வூர் இளைஞர் நால்வர் ஓர் இசைக்குழு தொடங்கினர். 1919-இல் செருமனியில் தோன்றி, 1933-இல் நாத்சிகளின் நெருக்குதலால் மூடப்பட்ட கலைப்பள்ளியின் பெயராகிய 'பௌஹாஸ்' என்பதையே குழுவுக்குச் சூட்டினர். பங்க் இசையின் புயல் அடங்கிய நேரம் அது. 1979-இல் அவர்கள் வெளியிட்ட முதல் இசைத்தட்டு ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடிற்று. பொருளோ ஒரு சாவு! 1931-இல் டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி 1956-இல் இறந்தபோது அந்த வேடத்து மேலங்கியோடேயே புதைக்கப்பட்டார். அவர் பெயரால் அமைந்த பாட்டு அது. கறுப்புடை, வெளுத்த முகம், கல்லறை வாடை. இந்த இசைவகைக்குக் 'காதிக்' என்று பெயர் வந்தது. பேயை அவர்கள் நாடகமாக்கி மேடையேற்றினர். நம் நாட்டிலோ பேயை மெய்யென்று நம்பி வேப்பிலை அடிக்கிறோம். 1983-இல் குழு கலைந்தது, வகை நிலைத்தது.

நார்த்தாம்டன் எதற்குப் பேர்போனது தெரியுமா? தோலுக்கு! செருப்புத் தைக்கும் நகரம் அது. அவ்வூர்க் கால்பந்துக் குழுவுக்கு வழங்கும் செல்லப்பெயர் 'காப்ளர்ஸ்', அதாவது செருப்புத் தைப்போர்! ஊரே திரண்டு அந்தப் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்கிறது. இங்கே? தோலைத் தொட்டவன் தீட்டு, தோலைத் தட்டியவன் தீட்டு. அந்தத் தோலில் செய்த செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பவர் மட்டும் பரிசுத்தர்! நகைப்பதா, நாணுவதா?

இங்கிலாந்து இளைஞனுக்குச் சாவு ஒரு வேடம்; விரும்பினால் அணிவான், விடிந்தால் கழுவிவிடுவான். நம் நாட்டில் ஒரு சாதிக்குச் சாவு ஊழியமாக விதிக்கப்பட்டது. எவர் வீட்டில் பிணம் விழுந்தாலும் இன்னாரே வந்து அடிக்க வேண்டும். கூலி கொடுத்தால் உண்டு, கொடாவிட்டால் இல்லை. வரமாட்டேன் என்றால் ஊர்க்கட்டுப்பாடு. இதில் வெள்ளைக்காரனைப் பார்த்து வந்தது எது, பெரியவரே?

பறை என்றால் சொல் என்று பொருள். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களில் பறையையும் எண்ணுகிறது. நம் தருமபுரிதானே அதியமானின் தகடூர்! பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமையின் மீது காற்று மோதி ஒலித்தாலும், போர் வந்ததென்று அவன் பூரித்தெழுவான் என ஔவை பாடியது புறநானூற்றில் உண்டு. பொதுவிடத்தில் தொங்கியதாம் முரசு! அதைச் சேரியில் கொண்டுபோய் மாட்டியது யார்?

அதே தகடூரில்தான் 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தைச் சாக்கிட்டு, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன, சூறையாடப்பட்டன. பாட்டில் சாதியைப் பாடாதே, பழைய கதை அது என்போர் அந்தச் சாம்பலைக் கண்டதுண்டா?

நம் தோழர்களிலும் ஒரு சாரார் கேட்கின்றனர்: "இழிவின் சின்னமாயிற்றே, பறையைத் தூக்கி எறிய வேண்டாமா?" வெறுங்கேள்வியன்று இது. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்கும் ஊழியத்தை நிறுத்தச் சொல்லிப் போராடினார். அடிக்கமாட்டேன் என்று சொல்லக்கூட உரிமையற்றிருந்தவன் அன்று அதைச் சொன்னது புரட்சி. அந்த மறுப்பு பெற்றுத் தந்த நிமிர்வினால்தான் இன்றைய இளைஞன், அடிப்பேன், நான் விரும்பும் இடத்தில், விரும்பும் கூலிக்கு அடிப்பேன் என்கிறான். முன்னதை மறந்து பின்னதை மட்டும் கொண்டாடினால், மேடையில் பறை கலையாகவும் ஊரில் அதே பறை கட்டாயமாகவும் நீடிக்கும். 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, மகிழ்ந்தோம். அதே ஆண்டில் எத்தனை ஊர்களில், "டேய், பெரிய வீட்டில் சாவு, மேளத்தை எடுத்துக்கொண்டு வா" என்ற குரல் கேட்டிருக்கும்?

பெரியவரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சொல்ல அவர் விடவும் இல்லை. "எல்லாரும் மேடைக்குப் போய்விட்டால், நாளைக்கு நான் செத்தால் யார் வந்து அடிப்பான்?" என்று கேட்டார். குரலில் மெய்யான கவலை இருந்தது.

"சென்னையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கட்டணம் கட்டிப் பறை கற்கிறார்கள், ஐயா. உங்கள் பேரனையும் அனுப்புங்கள். அடிக்குச்சி, சிண்டுக்குச்சி பிடிக்கத் தெரிந்துவிட்டால், உங்களுக்கு அவனே அடிப்பான்" என்றேன்.

பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.