பதிலிகள்

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில், ரெட்டியார்சத்திரத்தில், தோட்டக்கலைத் துறையின் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் வந்தது. குழித்தட்டு நாற்று, நிழல்வலைக் குடில், சொட்டுநீர்க் குழாய் என்று நம் மாவட்டத்துச் சம்சாரிகளுக்கு இஸ்ரேல் பழக்கமானது இந்த வழியில்தான். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றுகிறவரிடம் பாலஸ்தீனம் என்றால் டிவியில் பார்த்த இடிபாடுகளைச் சொல்வார். இஸ்ரேல் என்றால் சொட்டுநீரைச் சொல்வார். இரண்டுக்கும் நடுவே கூலிக்காரர் ஒருவர் நிற்பது அவர் கண்ணில் பட நியாயமில்லை. பத்திரிகை நடத்துகிற நாமும் அதைச் சொன்னதில்லை.

காஸா பற்றி எழுத வேண்டும் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். மதச் சண்டை என்றும் எல்லைச் சண்டை என்றும் வல்லரசுகளின் சூதாட்டம் என்றும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நிலம் யார் கையில் இருந்தது, அதில் வேலைக்கு நின்றவர் யார், அவரை எழுப்பிவிட்டு அங்கே யாரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்ற கணக்கை இங்கே பார்ப்போம். அந்தக் கணக்கில் இப்போது நம் நாட்டுத் தொழிலாளியும் சேர்ந்துவிட்டார்.

2023 அக்டோபர் 7க்கு முன்பு மேற்குக் கரையிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் இஸ்ரேலிலும் அதன் குடியேற்றங்களிலும் வேலை பார்த்தார்கள். காஸாவிலிருந்து போய்வர அனுமதி பெற்றவர்கள் சுமார் 18,000 பேர். அவர்களில் பெரும்பகுதி கட்டட வேலைக்காரர்கள். ஹமாஸின் தாக்குதலுக்குப் பிறகு அனுமதிகள் ரத்தாயின. அன்று இஸ்ரேலுக்குள் வேலையில் இருந்த காஸாக்காரர்களைப் பிடித்து அடைத்துவைத்து, நவம்பர் 3 அன்று ஆயிரக்கணக்கானவர்களைக் குண்டு விழுந்துகொண்டிருந்த காஸாவுக்குள்ளேயே திருப்பி விட்டார்கள். பலருடைய கணுக்காலில் எண் போட்ட பட்டை இருந்தது.

பாதியில் நின்ற கட்டடங்களுக்கு ஆள் வேண்டுமே. 42,000 இந்தியர்களை எடுப்பதாக 2023 மே மாதமே இரு அரசுகளும் பேசி முடித்திருந்தன. அதில் 34,000 பேர் கட்டட வேலைக்கு. டிசம்பரில் ஹரியானா அரசின் நிறுவனம் 10,000 பேர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. உத்தரப் பிரதேசமும் ஆள் சேர்த்தது. 2024 ஜனவரியில் ரோத்தக்கிலும் லக்னோவிலும் சென்ட்ரிங், கம்பி கட்டுதல், டைல்ஸ், பூச்சு வேலை என்று நான்கு வகையில் தேர்வு நடந்தது. மாதச் சம்பளம் சுமார் 1,37,000 ரூபாய். கரண்டி பிடித்தறியாத பட்டதாரிகளும் வரிசையில் நின்றார்கள்.

பத்தாம் வகுப்பு தேறாமல் வளைகுடாவுக்குக் கொத்தனாராகப் போகிறவரைக் குடிபெயர்வுப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் அனுப்ப முடியாது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இந்த அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் இஸ்ரேல் இல்லை. போர் நடக்கிற நாட்டுக்கு அரசே ஆள் சேர்த்தது. சட்டப் பாதுகாப்பு மட்டும் கூடப் போகவில்லை. மத்தியத் தொழிற்சங்கங்கள் பத்து 2023 நவம்பரிலேயே இதை எதிர்த்து அறிக்கை விட்டன. பாலஸ்தீனத் தொழிலாளி விரட்டப்பட்ட இடத்துக்கு இந்தியத் தொழிலாளியை ஏற்றுமதி செய்யாதே என்பது அதன் சாரம். ஆளும் கட்சிக்கு நெருக்கமான சங்கம் அதில் சேரவில்லை.

போகிறவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஊரில் ஒரு நாளைக்கு ஐந்நூறும் அறுநூறும் வாங்குகிறவர் ஐந்து ஆண்டில் கடனை அடைத்து வீடு கட்டலாம் என்று கணக்குப் போட்டால், அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் உயிர்க்கணக்கும் உண்டு. அக்டோபர் 7 அன்று ஹமாஸ் ஆட்கள் கொன்றவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் தாய்லாந்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த கூலிகள். பத்துப் பேர் படித்துக்கொண்டே பண்ணையில் வேலை செய்ய வந்த நேபாள மாணவர்கள். அவர்களைச் சுட்டதற்கு விடுதலைப் போர் என்று யாராவது விளக்கம் சொன்னால் நாம் ஏற்க மாட்டோம். 2024 மார்ச்சில் லெபனான் எல்லையோரம் மர்கலியோத்தில் பழத்தோட்டத்தில் நின்றிருந்த கேரளத் தொழிலாளி ஒருவர் ஏவுகணை விழுந்து இறந்தார்.

இந்த ஆள் மாற்றும் வேலை 2023இல் தொடங்கியதில்லை. நூறு வருஷத்துக்கு மேல் பழையது.

1880களில் பாரிஸ் கோடீஸ்வரர் எட்மண்ட் ராத்சைல்டின் பணத்தில் பாலஸ்தீனத்தில் யூதர்களின் திராட்சைத் தோட்டங்கள் எழுந்தன. தோட்ட முதலாளிகளுக்கு அரபுக் கூலிதான் வசதி. கூலி குறைவு, வேலை தெரியும், மாலையானால் தன் ஊருக்குப் போய்விடுவார். 1904க்குப் பிறகு ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்த ஏழை யூத இளைஞர்களால் அந்தக் கூலியில் பிழைக்க முடியவில்லை. சோஷலிசம் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். அரபுத் தொழிலாளியையும் சேர்த்துக்கொண்டு முதலாளியிடம் கூலியை உயர்த்தக் கேட்பது ஒரு வழி. அரபுத் தொழிலாளியை வேலையிலிருந்து வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைத் தாங்கள் பிடிப்பது இன்னொரு வழி. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ‘வேலையைக் கைப்பற்றுதல்’ என்று கொள்கைப் பெயரும் வைத்தார்கள்.

1920இல் ஹைஃபாவில் பிறந்த ஹிஸ்தத்ருத் என்ற தொழிற்சங்கம் அந்தக் கொள்கையின் கருவி. அதை 1935 வரை நடத்திய டேவிட் பென் குரியன்தான் 1948இல் இஸ்ரேலின் முதல் பிரதமர். அதற்குச் சொந்த வங்கி, கட்டுமானக் கம்பெனி, மருத்துவமனைகள், படை எல்லாம் இருந்தன. சங்கமே முதலாளியாகவும் இருந்தது. சங்கமே வரப்போகும் அரசாங்கத்தின் அஸ்திவாரமாகவும் இருந்தது. அரபுக் கூலியை வைத்திருக்கும் யூதத் தோட்டங்களின் வாசலில் மறியல் செய்தார்கள். 1936இல் அரபுகள் ஆறு மாதம் பொது வேலைநிறுத்தம் செய்து யாஃபா துறைமுகத்தை மூடியபோது, பக்கத்திலேயே டெல் அவிவில் புதுத் துறைமுகம் எழும்பிவிட்டது. வேலைநிறுத்தத்தை உடைக்கப் பதிலிகளை இறக்குவது எப்படி என்று நம் மில்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு தொழிற்சங்கம் அந்த வேலையைச் செய்தது என்பதை நம் சங்கத் தோழர்கள் படிக்க வேண்டும்.

நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. மர்ஜ் இப்னு ஆமிர் என்ற வளமான பள்ளத்தாக்கு, பெய்ரூட்டில் உட்கார்ந்திருந்த சுர்சோக் என்ற வணிகக் குடும்பத்தின் சொத்து. நம் ஊர் மிட்டா மிராசுகளைப் போலப் பட்டா அங்கே, உழவு இங்கே. 1920களில் அந்தக் குடும்பம் நிலத்தை யூத தேசிய நிதி என்ற நிலம் வாங்கும் அமைப்புக்கு விற்றது. தலைமுறையாக உழுத குத்தகைக் குடியானவர்கள் காலி செய்யப்பட்டார்கள். வாங்கிய நிலத்தில் யூதரல்லாதாரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று நிதியின் குத்தகைப் பத்திரத்தில் நிபந்தனை இருந்தது. நிலமிழந்தவர்கள் ஹைஃபாவின் தகரக் குடிசைகளுக்குப் போனார்கள். அங்கே அவர்களைத் திரட்டிய இஸ்ஸுத்தீன் அல்–கஸ்ஸாம் 1935இல் பிரிட்டிஷ் போலீசாரால் கொல்லப்பட்டார். ஹமாஸின் படைப்பிரிவு இன்று தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான். நிலத்தை விற்ற சீமான்களின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

காந்திகிராமத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது ஊழியரகம் நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே வாழ்ந்த சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கீழத்தஞ்சைக்குப் போனார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மிராசுதாரிடமிருந்து நிலத்தை விலை பேசி வாங்கி, உழுதுகொண்டிருந்த தலித் குடும்பங்களுக்கே, அதுவும் பெண்கள் பெயரில், பதிவு செய்து கொடுத்தார்கள். யூத தேசிய நிதியும் நன்கொடை திரட்டித்தான் நிலம் வாங்கியது. விற்றவர்கள் இரண்டு இடத்திலும் மண்ணில் கால் வைக்காத பண்ணையார்கள். வாங்கிய பின் உழுதவரை என்ன செய்வது என்பதில்தான் வழி பிரிகிறது. நம் சர்வோதயக்காரர்களுக்கு ஒரு காலத்தில் இஸ்ரேலின் கிப்புத்ஸ் பண்ணைகள் மேல் பெரிய மயக்கம் இருந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1958இல் இஸ்ரேல் போய்ப் பார்த்தார். கூட்டுப் பண்ணை, சமச் சம்பளம், பொதுச் சமையலறை எல்லாம் கிராமதானத்துக்கு எடுத்துக்காட்டாகத் தெரிந்தன. அந்த வயலை முன்பு உழுதவர் எங்கே என்ற கேள்வியைப் பூமிதானக்காரர்களே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

காந்தி கேட்டார், அவர் வழியில். தென்னாப்பிரிக்காவில் அவருடைய டால்ஸ்டாய் பண்ணைக்கு நிலம் கொடுத்த பணக்காரக் கட்டடக் கலைஞர் கலன்பாக் யூதர். 1910இல் அந்தப் பண்ணையில் குடியேறிய சத்தியாக்கிரகக் குடும்பங்களில் பல தமிழ்க் குடும்பங்கள். அதே கலன்பாக் 1937இல் யூத நாடு கோரிய சியோனியத் தலைவர்கள் சொல்லிக் காந்தியின் மனத்தை மாற்ற வந்தார். முடியவில்லை. 1938 நவம்பர் 26 ஹரிஜன் இதழில், யூதர்களின் துயரத்துக்கு இரங்கிய கையோடு, அரபுகள் மேல் அவர்களைத் திணிக்கக் கூடாது என்று காந்தி எழுதினார். ஜெர்மனி யூதர்களுக்கு அதே கட்டுரையில் சொன்ன அகிம்சை யோசனையை நம்மால் ஒப்ப முடியாது. கூலி பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை என்பது நம் இன்னொரு குறை.

சேர்ந்து நிற்கவே முடியாது என்பது பொய். 1946 ஏப்ரலில் பாலஸ்தீனத்தின் தபால், தந்தி, ரயில்வே, அரசு ஊழியர்கள் 20,000 பேருக்கு மேல், யூதரும் அரபும் ஒன்றாக, பிரிட்டிஷ் அரசுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று நம் பொன்மலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எதிரி ஒரே அரசுதான். ஆனால் அடுத்த ஆண்டு டிசம்பர் 30 அன்று ஹைஃபா எண்ணெய் ஆலை வாசலில் தினக்கூலிக்குக் காத்திருந்த அரபுகள்மீது இர்குன் என்ற யூத ஆயுதக் குழு குண்டு வீசியது. ஆறு பேர் செத்தார்கள். உள்ளே இருந்த அரபுத் தொழிலாளர்கள் தங்களோடு வேலை பார்த்த யூதர்கள்மேல் பாய்ந்து 39 பேரைக் கொன்றார்கள். ஒன்றாகச் சோறு தின்றவர்கள். 1948இல் இஸ்ரேல் பிறந்தது அதற்குப் பிறகுதான். ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் அகதியானார்கள்.

யூத நாட்டுக்குள்ளும் எல்லா யூதரும் ஒன்றாகிவிடவில்லை. பம்பாயிலிருந்து போன பெனே இஸ்ரேல் யூதர்கள், நிறம் பார்த்து நடத்துகிறார்கள் என்று டெல் அவிவில் தர்ணா உட்கார்ந்து, எங்களை இந்தியாவுக்கே அனுப்பு என்றார்கள். 1952இல் நூறு பேருக்கு மேல் திரும்பியும் வந்தார்கள். 1959இல் ஹைஃபாவின் வாதி சாலிப் சேரியில் மொராக்கோ யூதர்கள் கலகம் செய்தார்கள்.

1967 போருக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. பிடிபட்ட மேற்குக் கரையும் காஸாவும் மலிவான கூலிச் சந்தை. விடிவதற்கு முன்பே சோதனைச் சாவடியில் நின்று, இஸ்ரேலின் வீடுகளையும் சமயத்தில் தங்களைச் சுற்றிய குடியேற்றங்களையும் பாலஸ்தீனக் கொத்தனார்களே கட்டினார்கள். 1987 டிசம்பர் 8 அன்று வேலை முடிந்து காஸா திரும்பிய கூலிகளின் வண்டிகள்மேல் ஒரு இஸ்ரேலிய லாரி மோதி நால்வர் இறந்ததில்தான் முதல் இன்திஃபாதா என்ற மக்கள் எழுச்சி பற்றிக்கொண்டது. பிறகு வாசல்களை மூடுவதும் தாய்லாந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆள் இறக்குவதும் தொடங்கின. அனுமதி அட்டைக்குத் தரகர்கள் முளைத்தார்கள். மாதம் 2,000 ஷெக்கலுக்கு மேல் கமிஷன். பாலஸ்தீனப் பணக்காரர்களும் சும்மா இல்லை. தங்கள் மக்களின் பெயரில் எகிப்திலிருந்து இறக்கிய சிமென்ட்டைச் சில கம்பெனிகள் இஸ்ரேலுக்கே விற்ற விவகாரத்தைப் பாலஸ்தீனச் சட்டமன்றமே 2004இல் விசாரித்தது. மேற்குக் கரையில் இஸ்ரேலின் பிரிவினைச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது.

வேடசந்தூர் பக்கம் வருவோம். ஒரு காலத்தில் நம் பஞ்சு மில்களின் விடுதிகளில் சுமங்கலித் திட்டத்துப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது ஒடிசாவும் பீகாரும் ஜார்க்கண்டும் வந்திருக்கின்றன. ‘வடக்கன் வந்து நம்ம பொழப்பைக் கெடுத்துட்டான்’ என்ற பேச்சு டீக்கடையில் மட்டும் இல்லை, சில சங்க அலுவலகங்களிலும் கேட்கிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி ரயில் நிலையங்கள் நிரம்பி வழிந்தது மறந்திருக்காது. அன்றைய வீடியோ பொய். டீக்கடைப் பேச்சு இருப்பது பொய்யில்லை. அன்று யூதத் தோட்ட வாசலில் மறியல் செய்தவர்கள் பேசியதும் இதே பேச்சுதான். மில்லுக்கு வருகிற அதே பீகார் இளைஞரின் தம்பியோ மச்சானோ இன்று டெல் அவிவில் பாலஸ்தீனருக்குப் பதிலியாகக் கம்பி கட்டிக்கொண்டிருக்கலாம்.

வேறு விதமாகவும் நடந்துகொள்ளலாம் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. ஒரு தலித் தொழிலாளிப் பெண் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு சங்கம் 2022இல் ஆடை ஏற்றுமதி முதலாளியையும் வெளிநாட்டு பிராண்டுகளையும் கையெழுத்திட வைத்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே உலகில் அதற்குப் பெயர். வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதில் சம பாதுகாப்பு இருந்தது.

செல்வத்துக்கு எல்லை கிடையாது. ஹைஃபா துறைமுகத்தை 2023 ஜனவரியில் அதானி குழுமம் உள்ளூர்க் கூட்டாளியோடு சேர்ந்து சுமார் 120 கோடி டாலருக்கு வாங்கியது. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியும் அதன் கையில்தான். அதே கடலில் வேலை செய்கிற நம் ஆட்கள் வேறொன்று செய்தார்கள். 11 பெரிய துறைமுகங்களில் 3,500 தொழிலாளரைக் கொண்ட இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு 2024 பிப்ரவரியில், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கை ஏற்றவும் இறக்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. நம் நாளிதழ்கள் அதற்குக் கொடுத்த இடம் சிறியது.

இஸ்ரேலுக்குக் கட்டட வேலைக்கோ முதியோர் பராமரிப்புக்கோ போய்வந்தவர்கள், போவதற்குத் தரகரிடம் பணம் கட்டியிருப்பவர்கள், வேடசந்தூர் மில்களில் வெளிமாநிலத்தவரோடு நின்று வேலை செய்கிறவர்கள் நமக்கு எழுதுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் மொழிபெயர்த்துப் போடுகிறோம். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இஸ்ரேலையும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுமதிப் பட்டியலில் சேர்க்கக் கோரும் தீர்மானத்தை இந்த மே நாளில் திண்டுக்கல்லில் போடுங்கள். அதே மேடையில் ஒடிசாத் தொழிலாளி ஒருவருக்கும் ஒலிபெருக்கியைக் கொடுங்கள்.