யார் வீட்டுப் பிள்ளை?

சென்ற ஆண்டு தீபாவளியன்று நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இந்த வாரம் தொடங்குகிறேன்.

காலை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு வானொலி நிலையத்திலிருந்து நேராகப் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் தீபாவளி மதியச் சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான். நான்கறை வீவக வீடு, முப்பது பேர், வாசலில் செருப்புக் குவியல், அடுப்பில் ஆட்டிறைச்சிப் பிரட்டல். எல்லாரும் புதுத்துணியில் இருந்தார்கள். வழக்கம்போலக் கைப்பேசியை நீட்டி, “எல்லாரும் இங்கே பாருங்க” என்று ஒரு படம் எடுத்தேன். அடுத்த நிமிடமே இன்ஸ்டகிராமில் போட்டேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா சமையலறைக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்தப் படத்தை உடனே எடுத்துடு.”

“ஏன்க்கா, கண்ணை மூடிட்டீங்களா?”

“அதுல சின்னவர் இருக்கார்.”

சின்னவர் என்று நாங்கள் அழைப்பது அக்கா வீட்டில் வளரும் ஒரு பிள்ளையை. அக்காவும் மாமாவும் வளர்ப்புப் பெற்றோர். அந்தத் தீபாவளிக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சின்னவர் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வயது, பள்ளி, வந்த காரணம் எதையும் இங்கே எழுத மாட்டேன். காரணம் எனக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நம் சிறார், இளையர் சட்டப்படி, பாதுகாப்பு ஆணையின்கீழ் இருக்கும் பிள்ளையின் அடையாளம் தெரியும்படி படமோ தகவலோ வெளியிடக்கூடாது. ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவன் நான். வகுப்பில் இதைப் படித்து, தேர்விலும் எழுதியிருக்கிறேன். அக்கா வீட்டுக் கூடத்தில் அது நினைவுக்கு வரவில்லை. படத்தை நீக்கினேன். அதற்குள் யாரெல்லாம் பார்த்தார்கள், யார் அந்தப் பிள்ளையை அடையாளம் கண்டிருப்பார்கள் என்ற கவலை அக்காவின் முகத்தில் அன்று மாலைவரை இருந்தது.

அதோடு முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உறவுக்காரப் பாட்டி ஒருவர், பாசத்தோடுதான், கேட்டார்: “இது யார் வீட்டுப் பிள்ளை? அம்மா எங்கே? தீபாவளிக்குக்கூட வரலையா?”

சின்னவர் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

வானொலியில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே எங்களுக்குப் பதறும். உடனே ஏதாவது சொல்லி நிரப்ப வேண்டும். நானும் பழக்க தோஷத்தில் சத்தமாக ஒரு நகைச்சுவை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா எதுவும் பேசாமல் எழுந்துபோய், அறை வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டார். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சின்னவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஆன்ட்டி, அந்த முறுக்கு கொஞ்சம் அம்மாவுக்கு எடுத்து வைக்கலாமா?”

அடுத்த வாரம் அவருக்குத் தம் அம்மாவைச் சந்திக்கும் நாள் இருந்தது. அக்கா “கொஞ்சம்” எடுத்து வைக்கவில்லை. சிவப்பு மூடி போட்ட பெரிய டின் ஒன்றை முழுக்க நிரப்பிக் கொடுத்தார்.

*தத்து வேறு, இது வேறு*

வளர்ப்புப் பெற்றோர் என்றதும் நம்மில் பலர் தத்தெடுப்பை நினைக்கிறோம். இரண்டும் வேறு. தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி நிரந்தரமாக உங்கள் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பு அப்படியில்லை. சொந்த வீட்டில் இப்போதைக்குப் பாதுகாப்பாக இருக்க முடியாத பிள்ளைக்கு, அந்த வீடு சரியாகும்வரை இன்னொரு குடும்பம் இடம் கொடுக்கிறது. சில மாதங்களில் முடியலாம், சில ஆண்டுகளும் நீடிக்கலாம். முடிந்தவரை பிள்ளை தன் குடும்பத்திடம் திரும்ப வேண்டும் என்பதே நோக்கம்.

சிங்கப்பூரில் இந்தத் திட்டம் 1956இல் தொடங்கியது. நாடு சுதந்திரம் அடைவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே! இன்று இதைச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு நடத்துகிறது. பாய்ஸ் டவுன், எம்சிஒய்சி, எப்வொர்த், பிபிஐஎஸ் போன்ற அமைப்புகள் வளர்ப்புக் குடும்பங்களுக்குத் துணையாக இருக்கின்றன. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால், சட்டத்தின் பாதுகாப்பு 16 வயதுக்குட்பட்டோரிலிருந்து 18 வயதுக்குட்பட்டோர்வரை விரிந்தது. ஆக, வளர்ப்புப் பிள்ளை என்றால் கைக்குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஓ நிலைத் தேர்வுக்குப் படிக்கும் பதின்ம வயதினராகவும் இருக்கலாம்.

*விடுமுறை என்றால் விடுமுறை இல்லை*

தீபாவளி முடிந்துவிட்டது. இதோ ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை வருகிறது. நமக்கெல்லாம் கொண்டாட்டமான நேரம். “இந்த ஆறு வாரம்தான் ஆண்டிலேயே கஷ்டமான நேரம்” என்கிறார் அக்கா.

பள்ளி இருக்கும்போது நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். ஏற்கெனவே ஒருமுறை எல்லாம் கலைந்துபோய் வந்த பிள்ளைக்கு அந்த ஒழுங்குதான் பிடிமானம். விடுமுறையில் அது போய்விடுகிறது. கூடவே எங்கு பார்த்தாலும் குடும்பம், அம்மா, அப்பா, பரிசு. கடைத்தொகுதி விளம்பரத்திலிருந்து எங்கள் வானொலிப் போட்டி வரைக்கும் இதே பேச்சுதான். “அம்மாவோட விடுமுறையை எப்படிக் கழிச்சீங்க?” என்று நானே எத்தனை முறை நேயர் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன்! இப்போது “வீட்டுல யாரோட விடுமுறையைக் கழிச்சீங்க?” என்று மாற்றிக்கொண்டேன். சில சொற்கள்தான் மாறியிருக்கின்றன.

அக்காவிடமும், அவருக்குத் தெரிந்த மற்ற வளர்ப்பு அம்மாக்களிடமும் பேசியதில் சேர்ந்த குறிப்புகள் இவை. வளர்ப்புக் குடும்பங்களுக்கு மட்டுமல்ல, அவர்களின் உறவினர், அக்கம்பக்கத்தினர், நண்பர்களுக்கும் உதவும்.

பயணம்: நமக்கு ஜோகூர் பாரு என்பது காலையில் நினைத்து மதியம் போகும் இடம். வளர்ப்புப் பிள்ளையோடு அப்படிக் கிளம்ப முடியாது. வெளிநாடு செல்ல முன்கூட்டியே அனுமதி வேண்டும். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, பெற்றோர் சம்மதம் தேவையா என்பதையெல்லாம் சமூகப் பணியாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். உறவினர்களே, “சும்மா ஒரு நாள்தானே, வாங்க” என்று கடைசி நேரத்தில் வற்புறுத்தாதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் பிள்ளையை விட்டுவிட்டுக் குடும்பம் மட்டும் போகவேண்டி வரும். அது அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லும் என்று யோசியுங்கள். எங்கள் குடும்பத்தின் மலாக்காப் பயணம் போன ஆண்டு செந்தோசாப் பயணமாக மாறியது. யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

சந்திப்பு நாள்கள்: பண்டிகைக்கு முன்போ பின்போ பெற்றோரைச் சந்திக்கும் நாள் அமையுமா என்று முன்னதாகவே கேளுங்கள். சந்திப்பு முடிந்து வரும் பிள்ளை அழலாம், கோபப்படலாம், சாப்பிட மறுக்கலாம். அன்று மாலை விருந்தாளிகளை அழைக்காதீர்கள். பெற்றோர் வராமல் போகும் நாளும் உண்டு. அப்போது அவர்களைத் திட்டி ஒரு வார்த்தை வரக்கூடாது. பிள்ளைக்கு அவர்கள்தான் அம்மா அப்பா.

அங்பாவ், பரிசு: எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொகை, ஒரே மாதிரி உறை. “பாவம்” என்று வளர்ப்புப் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுப்பதும் அவரைத் தனியாகப் பிரித்துக் காட்டுவதுதான்.

படம்: எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கும் கேளுங்கள். ஆனால் படமே எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். அக்கா ஒவ்வொரு பண்டிகைப் படத்தையும் அச்செடுத்து ஓர் ஆல்பத்தில் ஒட்டுகிறார். சின்னவர் போகும்போது ஆல்பமும் கூடப் போகும். தன் சிறுவயதின் ஒரு பகுதி காணாமல் போய்விட்டது என்ற நிலை அவருக்கு வரக்கூடாது.

கேள்விகள்: “அம்மா எங்கே?” வேண்டாம். “எப்போது வீட்டுக்குப் போவே?” வேண்டவே வேண்டாம். “எந்தப் பலகாரம் பிடிச்சுது?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. மௌனத்தை நிரப்ப வேண்டாம் என்பதை ஓர் அறிவிப்பாளனாக நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

*செலவில்லாமல் போக*

பெரிய கூட்டமும் இரைச்சலும் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. பூமலையில், அதாவது பொட்டானிக் கார்டன்ஸில், ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. நுழைவு இலவசம். பிள்ளை கூட வந்தால்தான் பெரியவர்களுக்கு உள்ளே அனுமதி! “நான் கூட்டிட்டு வந்ததாலதான் உங்களை விட்டாங்க” என்று சின்னவர் மாமாவிடம் பெருமை அடித்துக்கொண்டாராம். கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள சிறுவர் தோட்டத்தின் தண்ணீர் விளையாட்டும் இலவசம்தான், மாற்றுத்துணி மறக்காதீர்கள். மழை நாளுக்கு வட்டார நூலகம் இருக்கிறது. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால், பள்ளி இல்லாத வாரத்துக்கு அதுவே ஓர் ஒழுங்காகிவிடும். ஜனவரியில் பொங்கலை ஒட்டி, கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தின் நிகழ்ச்சிகளையும் பார்த்து வையுங்கள்.

*வீட்டுப் பிள்ளைகளையும் பாருங்கள்*

இதை அக்கா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். சின்னவர் வந்த புதிதில், அக்காவின் மகள் ஒருநாள் கேட்டிருக்கிறாள்: “அம்மா, நான் ஒழுங்கா இருக்கறதாலதான் என்னை யாரும் கவனிக்கறதில்லையா?”

வளர்ப்புக் குடும்பத்தின் சொந்தப் பிள்ளைகளும் தங்கள் அறையை, பொம்மையை, அம்மாவின் மடியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். யாரும் அவர்களுக்கு நன்றி சொல்வதில்லை. அக்கா இப்போது சனிக்கிழமை காலையில் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு தேக்காவுக்குப் போகிறார். தோசை, தேத்தண்ணீர், ஒரு மணி நேரப் பேச்சு. அந்த ஒரு மணி நேரம் சின்னவரை மாமா பார்த்துக்கொள்கிறார். அத்தையோ சித்தப்பாவோ ஆக இருப்பவர்கள் உதவக்கூடிய இடமும் இதுதான். வீட்டுப் பிள்ளையை ஒரு படத்துக்கு அழைத்துப் போங்கள்.

அக்காவுக்கும் களைப்பு உண்டு. அமைச்சு மாதந்தோறும் பராமரிப்புப் படி தருகிறது, பயிற்சி உண்டு, கலந்து பேசச் சமூகப் பணியாளர் இருக்கிறார். சில நாள்களுக்கு வேறொரு வளர்ப்புக் குடும்பம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஏற்பாடும் உண்டு. அதைக் கேட்பது தோல்வி என்று அக்கா வெகுநாள் நினைத்திருந்தார். ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோதுதான் கேட்டார். “முன்னாடியே கேட்டிருக்கலாம்” என்கிறார் இப்போது. ஓய்வு வேண்டும் என்று தோன்றினால் டிசம்பர் வரை காத்திருக்காமல் இப்போதே பேசுங்கள்.

நீங்களும் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாமா என்று யோசித்தால்: குறைந்தது 25 வயது வேண்டும், உடல்நலம் வேண்டும், நிலையான வருமானம் வேண்டும். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், வீட்டில் உள்ள எல்லாரிடமும் பேசுவார்கள், பயிற்சி தருவார்கள். அவசரப்பட மாட்டார்கள், நீங்களும் அவசரப்பட வேண்டாம். விவரங்கள் அமைச்சின் இணையப் பக்கத்தில் இருக்கின்றன. முதலில் உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சம்மதம்தான் முதல் சம்மதம்.

*டின் திரும்பி வந்தது*

அந்த முறுக்கு டின்னை மறந்தே போயிருந்தோம். இரண்டு மாதம் கழித்து, ஒரு சந்திப்பு நாளில் சின்னவரின் அம்மா அதைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது நம் பழக்கம். டின்னுக்குள் பிஸ்கட் பாக்கெட்டுகள் இருந்தன. மேலே ஒரு சீட்டு. அதில் எழுதியிருந்ததை அக்கா யாருக்கும் காட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து “சின்னவரோட அம்மா” என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்த சிறு விலகல் போய்விட்டது. டின் இப்போது இரண்டு வீட்டுக்கும் இடையே போய் வந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கும் சின்னவர் எங்களோடுதான் இருந்தார். பாட்டி இந்த முறை எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது அதிரசத்தை அவர் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். எல்லாம் நல்லபடியாக நடந்தால், புதிய பள்ளியாண்டை அவர் சொந்த வீட்டிலிருந்து தொடங்குவார். அவருடைய அம்மா அதற்காகக் கடுமையாக உழைத்திருக்கிறார். அக்கா இப்போதே அவருடைய துணிகளை மடித்து வைக்கத் தொடங்கிவிட்டார். நடுவில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருகிறார்.

“கஷ்டமா இல்லையாக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கும்டா. ஆனா அவர் போகணும்னுதானே இவ்வளவு நாளும் பார்த்துக்கிட்டோம்” என்றார்.

பிறகு டின்னை எடுத்து, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். டிசம்பர் கடைசியில் நிரப்ப வேண்டுமாம்.